நத்துப் போட்ட மீன்

எனக்குக் கோபம் மூக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் நான் சத்தம் போடுகிற இடங்கள் நிறைய வரும். நாகரசம்பட்டி மாந்தோப்புக்காரர் வீட்டுப் பிள்ளை நான். பெயர் நாராயணப்பன். சென்னையில் விலங்கியல் படித்துவிட்டு மீன்வள இலாகாவில் ஆராய்ச்சி உத்தியோகத்தில் சேர்ந்தேன். "மீன் பிடிக்கறதுக்கா பட்டணம் போயிப் படிச்சே?" என்று என் அப்பா வாய்க்கு வாய் கேட்பார். பிடிக்க இல்லையப்பா, அழியாமல் பார்த்துக்கொள்ள என்று சொன்னால், அதற்கு ஒரு படிப்பா என்று துண்டை உதறிக்கொண்டு போய்விடுவார்.

ஐம்பத்து நாலாம் வருஷம் என்னை அஞ்செட்டிக்கு அனுப்பினார்கள். தேன்கனிக்கோட்டையிலிருந்து பஸ், அதற்கு மனசு இருந்தால் வரும். சுற்றிலும் காடு, மலை. நடுவில் ஒரு ஓடை. கன்னடம் பேசுகிறவர்கள் தொட்டஹள்ளா என்பார்கள், மற்றவர்கள் பெரிய ஓடை என்பார்கள். அது காட்டுக்குள் வளைந்து வளைந்து கீழே இறங்கிக் காவிரியில் விழுகிறது. காவிரிக்கு அந்தப் பக்கம் மைசூர் ராஜ்யம். காலையில் பனி அந்தப் பள்ளத்தாக்கை நிரப்பிவிடும். ஓடை இருக்கிற இடமே தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். நான் கூடாரத்து வாசலில் உட்கார்ந்து, தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று தெரியாமல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். என்னைப் போன்ற சிடுமூஞ்சிக்குக்கூட அந்த நேரத்தில் யார் மேலும் கோபம் வராது.

நான் போனது பொம்மீனுக்காக. உள்ளங்கை அகலச் செதில், பொன்னும் தாமிரமும் கலந்த நிறம், தடித்த உதடு. காவிரியின் ஆழத்தில் வாழ்கிற இந்த மீன், மழைக்காலத்தில் ஓடை ஏறி மேலே வந்து, கூழாங்கல் பரப்பில் முட்டையிட்டுவிட்டுத் திரும்பிப் போகிறது என்பது என் எண்ணம். எண்ணம் என்றுதான் சொல்ல முடியும். கீழே பார்த்தவர்கள் உண்டு, மேலே பார்த்தவர்கள் உண்டு. கீழே இருந்ததுதான் மேலே வந்தது என்று அடித்துச் சொல்ல ஆள் இல்லை.

அதற்குள் அஞ்செட்டிக்குக் கீழே ஓடையின் குறுக்கே ஒரு தடுப்பணை கட்டத் திட்டம் வந்துவிட்டது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேழ்வரகும் அவரையும் மழையை நம்பிக் கிடக்கிற ஊர்களுக்குத் தண்ணீர் வருவதை எந்தப் பாவி தடுப்பான்? அந்தச் சுவரின் ஓரத்தில் மீன் ஏறிப் போகப் படி வேண்டும் என்றுதான் கேட்டேன். சின்னச் சின்னத் தொட்டிகளாகக் கட்டி, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீர் வழியும்படி விட்டால் மீன் தாவித் தாவி ஏறிவிடும்.

அணைக்கட்டு எஞ்சினியர் ராமப்பன் நல்ல மனுஷர். பொடி போடுகிறவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு ஒரு சிட்டிகை உறிஞ்சினார்.

"நாராயணப்பன், உங்க மீனு கீழேயே இருந்துட்டுப் போவட்டுமே. மேலே அதுக்கு என்னா ஜோலி?"

"பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவுது சார். உங்க வீட்டுல போகலையா?"

அவருக்குச் சிரிப்பில் தும்மல் வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "படி கட்டித் தர்றேன். எனக்கொண்ணும் கஷ்டமில்ல. ஆனா மேலே இருக்கறவங்க கேட்டா நான் கையில எதையாவது காட்டணும். கீழே நீங்க அடையாளம் போட்டு விட்ட மீனு, அணைக்கு மேலே கிடைச்சுதுன்னு ஒண்ணே ஒண்ணு கொண்டாங்க. தை பொறந்தா அஸ்திவாரம் தோண்டறோம். அதுக்கப்புறம் வந்து சத்தம் போடக் கூடாது."

ஒரே ஒரு அடையாளம். அது தைக்குள் கிடைத்தால் படி. கிடைக்காவிட்டால் வெறும் சுவர், சில வருஷத்தில் அந்த ஓடையில் பொம்மீன் என்ற பேச்சே இருக்காது.

மீனுக்கு அடையாளமாகக் குத்த இலாகாவிலிருந்து வந்த செல்லுலாய்டு பொத்தான்கள் பாறையில் உரசி இரண்டே நாளில் கழன்று விழுந்தன. எனக்கு வந்த கோபத்துக்கு மிச்சத்தைத் தூக்கி அடுப்பில் போட்டேன். பிறகு எனக்கே ஒரு யோசனை தோன்றியது. தேன்கனிக்கோட்டைக்குப் போய், நகை செய்யும் பத்தரிடம் சின்ன வெள்ளி வளையங்கள் அடிக்கச் சொன்னேன், ஒவ்வொன்றிலும் ஒரு எண் குத்தி. பொம்மீனின் மேலுதட்டு ஓரம் தடிப்பானது, அங்கே மாட்டினால் கழலாது, மீனுக்கும் நோகாது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மீனுக்கு என்றதும் பத்தர் ஊது குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "எந்தக் கோயிலு மீனுக்குங்க சாமி?" என்று கேட்டார்.

"சர்க்கார் கோயிலு," என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அதை நான் சட்டை செய்யவில்லை.

ஆனி மாதம், ஓடை காவிரியில் சேருகிற இடத்தில் வலை விரித்தோம். நானும், இலாகாவின் வலைக்காரன் முனிவேலும். முனிவேல் தர்மபுரிப் பக்கத்து ஆள். நான் கத்தினால் காதைச் சொறிந்துகொண்டு சிரிப்பான், அதனாலேயே என்னிடம் நிலைத்த ஒரே ஆள். மீனைத் தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமல் துணித் தொட்டிலில் ஏந்தி, உதட்டில் வளையத்தை மாட்டி, தலையை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு நிற்போம். முதலில் அது மயங்கிக் கிடக்கும். செவுள் மெல்ல மூடித் திறக்கும். அந்தக் கண்ணுக்கு இமை கிடையாது, நம்மைப் பார்க்கிறதா நமக்குப் பின்னால் எதையோ பார்க்கிறதா என்று சொல்ல முடியாது. பிறகு திடீரென்று கையில் ஒரு உயிர் வரும். கையை எடுத்துவிட வேண்டும். பச்சைத் தண்ணீருக்குள் வெள்ளி மினுக்கம் ஒன்று சிறுத்துச் சிறுத்து மறையும். நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று, அது போன இடத்தையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அஞ்செட்டியிலிருந்து மேலே இருக்கிற ஊர்களிலெல்லாம் தண்டோரா போட்டோம். தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும். மூக்கில் வளையம் போட்ட மீன் கிடைத்தால் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், கொடுப்பவருக்குப் புது வேட்டி இனாம்.

ஆடி வெள்ளம் வந்து போயிற்று. ஆவணி போயிற்று. ஒருவரும் வரவில்லை. புரட்டாசியில் மழை பிடித்துக்கொண்டு கூடாரத்துக்குள் முடங்கிக் கிடந்தேன். அந்த நாட்களில் பகலிலேயே ஒரு கனவு திரும்பத் திரும்ப வந்தது. நான் தண்ணீருக்கு அடியில் நடந்து போகிறேன், மூச்சு முட்டவில்லை. தலைக்கு மேலே மீன்கள் மந்தை வீடு திரும்புவது மாதிரி வரிசையாகப் போகின்றன. எங்கே போகிறீர்கள் என்று கேட்கிறேன். ஒவ்வொன்றும் நின்று என்னைப் பார்த்துவிட்டு, பதில் சொல்லாமல் போய்விடுகிறது. விழித்துப் பார்த்தால் கூடாரத்தின் மேல் மழை கொட்டிக்கொண்டிருக்கும், வாங்கி வைத்த வேட்டிகள் மூலையில் மடிப்புக் கலையாமல் இருக்கும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதை இப்போது சொல்வதற்கு வெட்கப்படவில்லை.

கார்த்திகையில் மழை விட்டதும், "வாய்யா, போய்ப் பாத்துடலாம்" என்று முனிவேலைக் கூட்டிக்கொண்டு ஓடைக் கரையோடு மேலே நடந்தேன். அணை வரப்போகிற இடத்தைத் தாண்டி, அஞ்செட்டியையும் தாண்டி, ஒரு துறையில் ஒரு ஆள் வலை இழுத்துக்கொண்டிருந்தான். நாங்கள் இக்கரையில். வலையில் பெரிய பொம்மீன் ஒன்று புரண்டது. வெயில் பட்டதும் அதன் உதட்டில் வெள்ளி பளிச்சென்றது.

 என் வளையம்! அணைக்கு மேலே!

அந்த ஆள் என்ன செய்தான் தெரியுமா? மீனின் முகத்தைப் பார்த்தான். நெருப்பைத் தொட்டவன் போல வலையை விட்டான். பிறகு மீனை இரண்டு கையாலும் ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். மடியிலிருந்து மஞ்சளை எடுத்து அதன் நெற்றியில் தேய்த்துத் தண்ணீரில் விட்டுவிட்டான்.

"டேய்! டேய்! விடாதேடா!" என்று நான் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த கொக்குகள் எல்லாம் கிளம்பிவிட்டன. மார்பளவு தண்ணீரில் விழுந்து எழுந்து அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தேன். "என்னா காரியம் பண்ணிட்டே! அறிவிருக்குதா உனக்கு?"

அவன் பெயர் மதுரைவீரன். ஆள் பயந்துவிட்டான். "சாமி, நேர்ந்துவிட்ட மீனுங்க அது. நீங்க பாக்கலியா, மூக்குல நத்துப் போட்டிருக்குது?"

நத்து என்றால் அந்தப் பக்கத்துப் பெண்கள் மூக்கில் போடும் வளையம்.

"அதைப் போட்டது நான்டா!"

அவன் முகம் மாறியது. என்னை மேலும் கீழும் பார்த்தான். இரக்கமாக, மெதுவாகக் கேட்டான். "நீங்களா? அப்படி என்னாங்க சாமி வேண்டிக்கிட்டீங்க?"

முனிவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் முதுகு குலுங்கிற்று. நான் ஈரச் சட்டையைப் பிழிந்தேன். வேண்டிக்கொண்டது உண்மைதானே?

அப்புறம்தான் விஷயம் விளங்கியது. அந்த மலையில் சாமிக்கு ஏதாவது வேண்டிக்கொண்டால், மடுவில் இருக்கிற மீன் ஒன்றைப் பிடித்து வாயோரம் வளையம் போட்டு விடுவார்களாம். அந்த மீனை யாரும் தொடக் கூடாது. தப்பி வலையில் வந்தால் மஞ்சள் தடவி விட்டுவிட வேண்டும். நான் போய் ஒரு மீன் இல்லை, கூடை கூடையாக மீன்களுக்கு வெள்ளி நத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். ஓடை நெடுக எத்தனை பேர் வலையில் விழுந்து எத்தனை முறை மஞ்சள் குளித்தனவோ!

"தண்டோரா கேட்டீங்கதானே? வேட்டி தர்றேன்னேனே?"

"சாமி மீனைப் பிடிச்சுக் குடுத்துட்டு வேட்டி கட்டறதா? அது உடம்புல ஒட்டுமாங்க?" என்றான் மதுரைவீரன்.

தலையில் அடித்துக்கொண்டேன். கண்ணால் பார்த்தோம் என்று சொன்னால் ராமப்பன் பொடியை உறிஞ்சிவிட்டுச் சிரிப்பார். அவருக்குக் கையில் காட்ட வளையம் வேண்டும்.

"மேலே வெங்கடம்மா நிலத்தண்டை ஒரு மடு இருக்குது. நத்து மீனுங்க அங்கதான் தங்குது," என்று வழி காட்டினான் அவன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சிப் பொழுது. மூன்று பக்கமும் பாறை, ஒரு பக்கம் கேழ்வரகு அறுத்த நிலம். மடு அசையாமல் கிடந்தது. கரையில் ஒரு பெண் குந்தியிருந்தாள். முப்பது வயது இருக்கும். கையில் ஒரு களி உருண்டை. அதைப் பிட்டுப் பிட்டுத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைத் திரும்பிப் பார்த்து, உதட்டில் விரலை வைத்தாள்.

அடியிலிருந்து அவை எழுந்து வந்தன. முதலில் நிழல், பிறகு நிறம், பிறகு உதடுகள். ஒவ்வொரு உதட்டிலும் ஒரு வளையம். வட்டமாக, அவசரமே இல்லாமல், ஒன்றின் பின் ஒன்றாகச் சுற்றின. தண்ணீருக்குள் வெயில் இறங்கி அந்த வளையங்களில் பட்டுப் பட்டுத் திரும்பியது. நான் எதற்காக வந்தேன் என்பதே மறந்துபோயிற்று. கனவில் பதில் சொல்லாமல் போன மீன்கள் இங்கேதான் வந்தனவா என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகுதான் பார்த்தேன். எல்லாம் என் வளையம் இல்லை. பித்தளை இருந்தது, செம்பு இருந்தது, இரும்புக் கம்பியை வளைத்துப் போட்டதுகூட இருந்தது. இந்த வருஷம் நத்து மீன் நிறைய வருகிறதே, நல்ல காலம் என்று ஊரில் ஆளாளுக்கு வேண்டுதல் போட்டிருக்கிறார்கள். வெறும் வளையத்தால் எனக்குப் பிரயோஜனமில்லை, எண் குத்திய வெள்ளி வேண்டும்.

வெங்கடம்மா பேச ஆரம்பித்தாள். அவள் புருஷன் சின்னராஜ், மூன்று மழைக்கு முன்னால் காவிரியைத் தாண்டி மைசூர்ப் பக்கம் மர வேலைக்குப் போனவன், திரும்பவில்லை. நிலத்தையும் மாட்டையும் அவளே பார்த்துக்கொள்கிறாள்.

"புரட்டாசியில இந்த வெள்ளி நத்து மீனு வந்துச்சு. கீழே காவேரியில இருந்து ஆரோ சேதி சொல்லி அனுப்பியிருக்காங்கன்னு நெனச்சேன்."

"அனுப்பினது நான்," என்றேன் எரிச்சலோடு.

"அது இப்பத்தானே தெரியுது." இன்னும் கொஞ்சம் களியைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கேட்டாள். "மீனய்யா, ஒண்ணு சொல்லுங்க. இதுங்க காவேரிக்குப் போயிட்டு மறுபடி இங்கேயே வருமா? போன அதே மீனு வருமா?"

"அதைக் கண்டுபிடிக்கத்தாம்மா நான் வந்திருக்கறேன்."

"அப்போ உங்களுக்கும் தெரியாதா?"

"தெரியாது."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "குறி சொல்றவன் வருவாருன்னான். பூசாரி வருவாருன்னான். தெரியாதுன்னு சொன்னவரு நீங்க ஒருத்தருதான்."

நான் வளையத்தைக் கேட்டேன். அவள் முகம் மூடிக்கொண்டது. நத்தைக் கழற்றினால் வேண்டுதல் அறுந்துபோகும், வெறும் மூக்கோடு போகிற மீனை எவனும் அடித்துத் தின்பான், முடியவே முடியாது என்றாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. கத்தினேன். தை பிறந்தால் சுவர் எழும்பிவிடும், அப்புறம் உன் மீன் கீழே போனால் போனதுதான், தலைகீழாக நின்றாலும் மேலே வராது, நீ இங்கே களி உருட்டிப் போட்டுக்கொண்டு வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிரு என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். முனிவேல் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

அவள் அழவில்லை. "படி கட்டினா வருமா?" என்று மட்டும் கேட்டாள்.

"வரலாம். சுவர் மட்டும் இருந்தா வரவே வராது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

மடுவை ஒரு முறை பார்த்தாள். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். அவள் கையில் களி இருந்தால் அந்த மீன்கள் பயப்படுவதில்லை. வெள்ளி நத்துப் போட்ட ஒன்று அவள் முழங்காலைச் சுற்றி வந்தது. முனிவேல் துணித் தொட்டிலை அடியில் நுழைத்தான். நான் வளையத்தைத் திருப்பிப் பார்த்தேன். முப்பத்தொன்பது. ஆனி மாதம் காவிரிக் கரையில் என் கையால் மாட்டியது. 

"கொஞ்சம் இருங்க," என்றாள் வெங்கடம்மா. தன் மூக்கிலிருந்த தங்க நத்தைத் திருகிக் கழற்றினாள். "கல்யாணத்தன்னிக்கு அவுரு போட்டது. உங்க வெள்ளியை எடுத்துக்குங்க. அதே ஓட்டையில இதைப் போடுங்க. வெறும் மூக்கோட நான் அனுப்ப மாட்டேன்."

"இது தங்கம்மா. ஆத்துல போயிடும்."

"போயிட்டு வரட்டும். அது வந்தா அவுரும் வருவாரு."

"அந்தக் கணக்கெல்லாம் என்கிட்டே வேண்டாம். நான் உறுதி சொல்ல முடியாது."

"உங்களை ஆரு கேட்டாங்க? நீங்க படியைக் கட்டுங்க, போதும்."

நான் தங்கத்தை மாட்டினேன். மீன் ஒரு கணம் எங்கள் இருவர் கைக்கும் நடுவில் மிதந்துவிட்டு ஆழத்துக்குப் போயிற்று. அவள் கரையேறி வேப்பங்குச்சியில் ஒரு சிம்பைக் கிள்ளி, மூக்கின் ஓட்டை தூர்ந்துபோகாமல் இருக்க அதில் செருகிக்கொண்டாள். எனக்கு அவளைப் பார்க்கவே முடியவில்லை.

வளையத்தைக் கொண்டுபோய் ராமப்பன் மேஜையில் வைத்தேன். அவர் உருட்டிப் பார்த்தார். "ஏன் சார், இதை நீங்க மீனுக்கே போடாம ஜோபியிலேயே வெச்சிருந்து கொண்டாந்திருந்தா?"

எனக்கு உச்சி வரைக்கும் சூடேறிவிட்டது. நாற்காலி பின்னால் விழ எழுந்தேன். அவர் கையைக் காட்டினார்.

"உக்காருங்க, உக்காருங்க. நம்பறேன். அஞ்செட்டி சந்தை முழுக்க இதே பேச்சு. ஒருத்தி புருஷன் போட்ட நத்தை மீனுக்குப் போட்டுட்டு மூக்குல குச்சியோட திரியறாளாம். ஒரு பொம்பளை அதைப் பொய்க்காகச் செய்வாளா?" பொடி டப்பாவை மூடினார். "படத்துல படியைச் சேத்துடறேன்."

மார்கழிக் கடைசி மழையில் மடு காலியாகிவிட்டது, மீன்கள் இறங்கிவிட்டன என்று மதுரைவீரன் வந்து சொன்னான். தை பிறந்தது. சுவர் எழும்பியது. அதன் ஓரத்தில் என் படியும் எழும்பியது. அந்த வேனில் முழுக்க நான் அந்தக் காய்ந்த தொட்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்து கொத்தனாரின் பிராணனை வாங்கினேன். சந்தை நாட்களில் வெங்கடம்மா கண்ணில் படுவாள். மூக்கில் அந்தக் குச்சி. பெண்கள் அவளுக்குப் பின்னால் பேசிச் சிரிப்பார்கள். அவள் எதையும் கேட்க மாட்டாள். படியைப் பார்த்துவிட்டுப் போவாள்.

மறு வருஷம் ஆடியில் தண்ணீர் படியில் வழிந்தது. ஆவணியில் ஒரு காலை, பனி இன்னும் விலகாத நேரம், கீழ்த் தொட்டியில் ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. ஓடிப் போய்ப் பார்த்தேன். வெள்ளை நுரைக்கும் வெள்ளைப் பனிக்கும் நடுவில் அவை தாவிக்கொண்டிருந்தன. பொன் நிறத்தில் ஒரு முதுகு எழும்பும், மேல் தொட்டியில் விழும், சற்று இளைப்பாறும், மறுபடி எழும்பும். எங்கே போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை, இந்தத் தடவை எனக்குத் தெரியும். சின்னப் பையன் மாதிரி கைகொட்டிச் சிரித்தேன். முனிவேல் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அவனும் சிரித்தான்.

வெயில் ஏறியபோது தங்க நத்து வந்தது.

மேல் தொட்டியில் அது விழுந்ததும் பலகையைப் போட்டு மறித்தேன். முனிவேல் மேலே ஓடினான். அவனும் வெங்கடம்மாவும் வந்து சேரும் வரை நான் தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு தேறிவிட்டிருந்தது, தங்கம் கறுக்கவில்லை. போன அதே மீன். அது தெரிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று எனக்கு.

அவள் வந்து குந்தினாள். மூச்சு வாங்கியது. கையைத் தண்ணீருக்குள் விட்டாள். மீன் விலகிப் போகவில்லை.

"வந்துட்டுதே," என்றாள்.

"வந்துட்டுதும்மா."

அவள் சிரித்தாள். பிறகு மெல்ல அந்தச் சிரிப்பு போயிற்று. சுவரைப் பார்த்தாள். படிகளைப் பார்த்தாள். அதற்குக் கீழே காவிரி இருக்கிற திசையைப் பார்த்தாள்.

"எங்கியோ மைசூர்ச் சீமைக் கரையில கிடந்திருக்கும். அத்தனை பெரிய ஆத்துல, அத்தனை ஓடை வாயில, இந்த ஓடையைத் தேடிப் புடிச்சிருக்குது. புதுசா ஒரு சொவரு. அதுல எங்கியோ மூலையில ஒரு படி. அதையும் கண்டுபுடிச்சு ஏறி வந்திருக்குது. வாயில்லாத ஜீவன்."

"ஆமாம்மா."

"அவுருக்குப் பரிசல் இருக்குது, பஸ்ஸு இருக்குது. ரெண்டு காலு இருக்குது." அவள் கையைத் தண்ணீரிலிருந்து எடுத்தாள். "வெள்ளம்னு நெனச்சேன் மீனய்யா. காடு, ஆனை, ராஜ்யம் வேறன்னு என்னென்னவோ நெனச்சேன். வழி இல்லாமத்தான் வரலைன்னு நெனச்சேன்."

 சின்னராஜ் மட்டும் எதிரில் நின்றிருந்தால் கழுத்தைத் திருகியிருப்பேன். முனிவேல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

வெங்கடம்மா மீனைக் காட்டி, "கழட்டுங்க," என்றாள்.

"வேண்டுதலு?"

"மீனு திரும்பி வருமான்னு கேட்டேன். வந்துட்டுது. அதோட முடிஞ்சுது. மத்ததெல்லாம் நானா சேத்துக்கிட்டது."

தண்ணீருக்குள்ளேயே வைத்து நத்தைக் கழற்றிக் கொடுத்தேன். அவள் மூக்கிலிருந்து வேப்பங்குச்சியை உருவி ஓடையில் போட்டாள். நத்தைத் துடைக்கக்கூட இல்லை, ஈரத்தோடு மூக்கில் ஏற்றித் திருகிக்கொண்டாள். இத்தனை மாசத்துக்குப் பிறகு ஏறியதில் கண்ணில் நீர் முட்டிற்று. வலியா, வேறா, நான் கேட்கவில்லை.

"வெறும் மூக்கோட போவுதே அக்கா, பரவால்லையா? எவனாச்சும் புடிச்சுட்டா?" என்று கேட்டான் முனிவேல்.

"எவன் புடிக்கறான்னு நான் பாத்துக்கறேன்," என்றாள் அவள்.

என் பையில் புது வெள்ளி வளையங்கள் இருந்தன, எண்ணும் குத்தியிருந்தது. ஒன்றை மாட்டியிருக்க வேண்டும், என் உத்தியோகம் அதுதான். மாட்டத் தோன்றவில்லை. பலகையைத் தூக்கினேன். மீன் தொட்டியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு, அணைக்கு மேலே தேங்கிய தண்ணீருக்குள் போயிற்று.

வெங்கடம்மா எழுந்து புடவையை உதறினாள். இத்தனை சந்தை நாட்களில் ஒரு தடவைகூட அவள் பஸ் ரோட்டைப் பார்க்காமல் போனதில்லை, அதை நான் கவனித்திருக்கிறேன். அன்றைக்குப் பார்க்கவில்லை. மீன் போன பக்கமாக, கரையோடு மேலே நடந்து போனாள்.